ஆட்சேபணை சொன்ன மகனின் ஊர் வழியாக

செவ்வாய்க்கிழமை, காலை 6.40, சித்தூர் பேருந்து நிலையம்.

கல்யாணம் செய்துகொண்டதற்காக மன்னிப்புக் கேட்க நான் புறப்படவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் வாசிப்பவர்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. ஐம்பத்தைந்து வயதில் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டேன். இப்போது ஐம்பத்தொன்பது. இந்த நான்கு வருடமாக என் மகனும் மகளும் என்னோடு பேசுவதில்லை. வெள்ளிக்கிழமை பெங்களூரில் விமானம் ஏறி, சாம்பியாவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். ஐந்து வருட ஒப்பந்தம். நடுவில் ஊருக்கு வந்துபோகச் செலவு தரமாட்டார்கள். நான் ஓய்வு பெற்ற நர்ஸ், அங்கே உதவியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். என் கணவர் சாமுவேல் ஜெனரேட்டர் மெக்கானிக். அவருக்கு அறுபத்திரண்டு. சித்தூரில் ஒரே ஆஸ்பத்திரியில் இருபது வருடம் வேலை பார்த்தோம். அந்தப் பழக்கத்தில் இன்றுவரை என்னை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறார். சந்தையில் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்த்துக்கொள்ளட்டும்.

சித்தூரிலிருந்து பெங்களூருக்கு நேராகப் போனால் நாலரை மணி நேரம். கையில் மூன்று நாள் இருந்ததால், மகள் இருக்கும் சந்திரகிரி, அங்கிருந்து திருப்பதி, பிறகு மகன் இருக்கும் ராமகுப்பம் என்று ஜில்லாவைச் சுற்றிக்கொண்டு போக முடிவு செய்தோம். இரண்டு சூட்கேஸ், இவருடைய ஸ்பானர் பை ஒன்று. திருப்பதி பஸ்ஸில் ஆந்திராப் பெண்களுக்குக் காசு கிடையாது, ஆதாரைக் காட்டினால் ஜீரோ டிக்கெட். இவருக்குச் சந்திரகிரி வரை தொண்ணூற்றைந்து ரூபாய். சூட்கேஸ் இரண்டுக்கும் சேர்த்துக் கண்டக்டர் முறைத்தார், காசு கேட்கவில்லை.

பூதலப்பட்டு தாண்டியதும் மாந்தோப்புகள் தொடங்கின. இவர் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. மகனுக்கும் எனக்கும் ஏன் பேச்சு நின்றது என்று இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லலாம் என்று போதகர் அறிவித்துவிட்டு, யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்ற தைரியத்தில் அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார். என் வயதுக்கு நூறு ஓலைகளாவது கேட்டிருப்பேன். ஒருவரும் எழுந்ததில்லை. என் மூன்றாம் ஓலையில் என் மகன் ஜெயசீலன் ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றான்.

"எனக்கு ஆட்சேபணை கீது, ஐயா. எங்க நைனா செத்து ரெண்டு வருஷம் கூட ஆவல."

அது சட்டப்படி தடை ஆகாது என்று போதகர் சொல்லி முடிப்பதற்குள், நான் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்துவிட்டேன்.

"உங்க நைனா எட்டு மாசம் படுக்கையில கெடந்தாரு. பீ மூத்திரம் அள்ளினது நானு. ஒரு நாளு வந்து பக்கத்துல உக்காந்தியாடா நீ? உக்காருடா கீழ."

முந்நூறு பேர் கேட்டார்கள். அவன் உட்காரவில்லை, வெளியே போனான். அடுத்த மாதமே பெண்டாட்டியின் ஊரான ராமகுப்பத்துக்குக் குடிபோய்விட்டான். அதற்குப் பிறகு எந்தக் கோவிலுக்கும் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். கல்யாணத்துக்கு நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. ஆனால் பிள்ளையை அத்தனை பேர் நடுவில் அப்படிக் கேட்டது தப்பு. அந்த ஒன்றை மட்டும் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும், போவதற்குள் இரண்டு பிள்ளைகளையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்.

காலை 9.10, சந்திரகிரி.

பஸ் ஊருக்குள் வராது என்று பைபாஸில் இறக்கிவிட்டார்கள். கோட்டைக்கு ஆட்டோ அறுபது ரூபாய். கோட்டையைச் சுற்றிப் பார்க்கும் ஆசை எனக்கு இல்லை. ஊருக்குப் போகிறேன் என்று நான் சொல்லி அனுப்பியதற்கு மகள் பியூலா மெசேஜில் போட்ட உத்தரவு அது: 'வீட்டுக்கு வர வேண்டாம். கோட்டை வாசலுக்கு வா. நீ மட்டும்.' அவள் இங்கே ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். புருஷன் வீட்டாரோடு இருக்கிறாள். அவளுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை உண்டு. அந்தக் குழந்தையை நான் போட்டோவில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

அவள் பதினொன்றுக்கு வருவதாகச் சொல்லியிருந்ததால், சூட்கேஸ்களை டீக்கடையில் விட்டுவிட்டு ராஜ மஹாலுக்குள் போனோம். தலைக்கு இருபத்தைந்து ரூபாய். மூன்று மாடிக் கட்டடத்தில் மரமே இல்லை, எல்லாம் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும். பின்னால் மொட்டைப் பாறை மலை. வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்று இருந்தது. காற்று எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்று இவர் ஒவ்வொரு ஜன்னலாகக் கைநீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். விஜயநகரத்து ராஜாக்களைப் பற்றி எழுதி வைத்திருந்த பலகையை ஒருவரும் படிக்கவில்லை, நாங்களும்தான்.

பதினொன்று இருபதுக்குப் பியூலா ஸ்கூட்டியில் வந்தாள். இளைத்திருந்தாள். இவரைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"தனியா வரச் சொன்னேனே மா."

"நான் தனியா ஆப்பிரிக்கா போவலியே."

அவள் தன் பிரச்சினையைச் சொன்னாள். மாமனார் மாமியாரிடம், அம்மா மிஷன் விடுதியில் தங்கி ஊழியம் செய்கிறாள் என்று நான்கு வருடமாகச் சொல்லி வைத்திருக்கிறாள். இப்போதும் ஊழியத்துக்குத்தான் போகிறாள், தனியாகப் போகிறாள் என்று சொல்லிவிட்டாளாம். நான் மட்டும் அவளோடு வீட்டுக்குப் போய், பத்து நிமிடம் உட்கார்ந்து, ஜெபம் பண்ணிவிட்டு, குழந்தையைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். இவர் இங்கேயே இருக்க வேண்டும். எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"போய் கொழந்தைய பாத்துட்டு வாங்க, சிஸ்டர். நான் இங்கியே ராஜா மாதிரி உக்காந்துக்கினு இருக்கேன்."

போனேன். போகிறேன் என்றுதான் பியூலாவிடம் சொன்னேன், பொய் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. வீடு சிறியது, சுத்தமானது. குழந்தை என்னைப் பார்த்ததும் பாட்டி என்றும் சொல்லவில்லை, ஓடவும் இல்லை. கையில் இருந்த முறுக்கை எனக்குக் கொடுக்கலாமா என்று யோசித்துவிட்டுத் தானே தின்றது. அப்பனைப் போலவே காது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. மடியில் வைத்துக்கொண்டேன்.

பியூலாவின் மாமியார் காப்பித் தட்டோடு வந்து கேட்டார். "இவ்ளோ தூரம் ஒண்டியாவா போறீங்கம்மா?"

பியூலா என்னைப் பார்த்தாள். மடியில் குழந்தை இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் மடியில் இருக்க ஒரே ஒரு 'ஆமாம்' போதும். எனக்கு அந்த ஆமாம் வாயில் வரவில்லை.

"இல்லிங்க. வீட்டுக்காரரும் வர்றாரு. கோட்டையாண்ட உக்காந்துகீறாரு."

அந்த அம்மாள் காப்பித் தட்டைக் கீழே வைத்தார். "வெயில்ல உக்கார வெச்சிட்டா வந்தீங்க? இன்னாத்துக்கு? மூணாம் ஓலையில மவன் எழுந்து நின்னது ஜில்லா முழுக்கத் தெரியும். எங்களுக்கு மட்டும் தெரியாதா? இந்தப் பொண்ணு ஒவ்வொரு வாட்டி ஊழியம் ஊழியம்னு சொல்றப்பவும், சொல்லட்டும், அதுக்குன்னு ஒரு வெக்கம் இருக்குமில்லன்னு வாயை மூடிக்கினு இருந்தோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பியூலாவுக்கு வரவில்லை. எழுந்து சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். மாமனார் தம் ஸ்கூட்டரில் போய் இவரை அழைத்து வந்தார். கோழிக் குழம்பு ஊற்றிச் சாப்பாடு போட்டார்கள். மகள்தான் பரிமாறினாள். மூன்று மணிக்குத் திருப்பதி பஸ்ஸுக்கு வந்து நின்றபோதுதான் பேசினாள்.

"என் மானத்த வாங்கிட்டே."

"நீ சொன்ன பொய்யதான் வாங்கினேன். மானம் அங்கியேதான் கீது."

அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, பஸ்ஸும் வந்தது. பஸ் நகரும்போது, போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடு என்று சொன்னாள். நான்கு வருடத்தில் அதுவே எனக்கு அதிகம். ஆனால் சமாதானம் ஆகிவிட்டது என்று யாராவது நினைத்தால், இல்லை. இன்னும் இரண்டு மாதமாவது கோபமாக இருப்பாள். அவளுக்கு அந்த உரிமை உண்டு.

மாலை 4.00, திருப்பதி.

பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு லாட்ஜில் அறை கேட்டோம். வாடகை எண்ணூறு. வரவேற்பில் புது மொட்டையும் சந்தனமுமாகப் பத்துப் பேர். கிளார்க் பையன் என் ஆதாரைப் புரட்டிப் பார்த்தான். அதில் என் முதல் கணவர் பெயர்தான் இருக்கிறது. இவர் ஆதாரில் வேறு பெயர்.

"மேடம், ஈயன எவரு?" என்று தெலுங்கில் கேட்டான். இவர் யார் என்று அர்த்தம்.

"மா ஆயன" என்றேன், என் வீட்டுக்காரர். பாஸ்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். கணவர் பெயர் என்ற இடத்தில் சாமுவேல் என்று அச்சில் இருந்தது. அந்தப் பையன் மெல்லப் பதிவேட்டில் எழுதினான். பின்னால் நின்ற மொட்டைத்தலைப் பெரியவர் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நானும் அவரை ஏற இறங்கப் பார்த்தேன். அவர்தான் முதலில் கண்ணை எடுத்தார்.

புதன்கிழமை, காலை 5.30.

திருப்பதியிலிருந்து சித்தூர் வழியாகப் பலமனேர், அங்கே பஸ் மாறி வி.கோட்டா, பிறகு ராமகுப்பம். மொத்தம் நூற்று எழுபது கிலோமீட்டருக்கு மேல். பலமனேர் தாண்டியதும் தக்காளி வயல்கள், யானை கடக்கும் இடம் என்ற எச்சரிக்கைப் பலகைகள். வெயிலின் வேகம் குறைந்து காற்று இளகியது. முழங்கால் பிடித்துக்கொண்டதால் வி.கோட்டாவில் நீலகிரித் தைலத்தைத் தாராளமாகத் தேய்த்துக்கொண்டேன். ராமகுப்பத்தில் இறங்கியபோது மணி பதினொன்று. மகனின் நிலம் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். ஆட்டோக்காரரிடம் பெயர் சொன்னதும் தெரிந்துகொண்டார்.

"பட்டுப்பூச்சி ஜெயசீலனா? இன்னிக்கு அவங்க வூட்ல புழு பழுக்குது. ஆளு தேடிக்கினு இருந்தாரே காலையில."

அதன் அர்த்தம் எனக்குப் புரியவில்லை. மல்பெரித் தோட்டத்தின் ஓரம் வீடு, வீட்டுக்குப் பின்னால் புழு வளர்க்கும் நீளமான கொட்டகை. வாசலில் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கலந்த தண்ணீர்த் தொட்டி, அதில் கால் நனைத்துத்தான் உள்ளே போக வேண்டும். நான் கால் வைக்கப்போனேன். கொட்டகையிலிருந்து ஜெயசீலன் வந்தான். முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. நான்கு வருடத்துக்குப் பிறகு என் மகன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இது.

"இன்னா தைலம் பூசிக்கினு வந்துகீறே? உள்ள வராத. புழு செத்துடும்."

பிறகு இவரைப் பார்த்தான், இவர் சட்டைப் பையில் இருந்த மூக்குப்பொடி டப்பாவைப் பார்த்தான். "பொடி போடறவங்க கொட்டாயாண்டயே வரக்கூடாது."

பட்டுப்புழுவுக்குப் புகையிலை விஷம் என்பது உண்மைதான், பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில், புழுவுக்காகச் சொல்கிறானா, வேறு எதற்காகவோ சொல்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பிவிடலாமா என்று ஒரு நிமிடம் இருந்தது. மருமகள் லதா ஓடி வந்தாள்.

"அத்த, கோச்சிக்காதீங்க. புழு பழுத்துடுச்சி. சாயங்காலத்துக்குள்ள பொறுக்கலன்னா தழையிலியே நூலைக் கட்டி எல்லாம் வீணாப் பூடும். கூலிக்கு அஞ்சு பேரு வரேன்னாங்க, ரெண்டு பேருதான் வந்துகீறாங்க."

அப்போதுதான் எனக்குத் தெளிந்தது. இன்று அவனால் என்னை உட்காரவைத்துப் பேசவும் முடியாது, போ என்று அனுப்பவும் முடியாது. அவனுக்குக் கை வேண்டும். எனக்கு இரண்டு கை இருக்கிறது. போர்வெல் தொட்டியில் தலையோடு குளித்து, சோப்புப் போட்டுக் காலைத் தேய்த்து, லதாவின் நைட்டி ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து நின்றேன். அவன் வழி விட்டான்.

பழுத்த புழு தழை தின்பதை நிறுத்திவிடும். உடம்பு மஞ்சளாகி உள்ளே வெளிச்சம் தெரியும். தலையை மேலே தூக்கி இங்கும் அங்கும் ஆட்டும். அதைத் தேடிப் பிடித்து, சந்திரிகை என்கிற வட்டமான மூங்கில் தட்டில் விட வேண்டும். அங்கே அது கூடு கட்டும். கட்டுவதற்கு முன் ஒண்ணுக்குப் போகும், நம் கையில்தான் போகும். முப்பத்தைந்து வருடம் நர்ஸ் வேலை பார்த்தவளுக்கு இது ஒரு விஷயமா? அரை மணி நேரத்தில் கூலிக்கு வந்தவர்களை விட வேகமாகப் பொறுக்கினேன்.

வெளியே இவர் பொடி டப்பாவைத் தூக்கி வேலிக்கு அப்பால் எறிந்தார். குளித்தார். ஈர வேட்டியோடு வந்து கொட்டகை வாசலில் நின்றார்.

"இப்ப வரலாமா, தம்பி?"

ஜெயசீலன் வெளியே போனான். "வெரலக் காட்டுங்க." காட்டினார். என் மகன் குனிந்து, என் கணவரின் கையைப் பிடித்து, விரல் விரலாக முகர்ந்து பார்த்தான். "இன்னும் வாசனை அடிக்குது. நெகத்துக்குள்ள கீது."

இவர் மறுபடி தொட்டிக்குப் போனார். தேங்காய் நாரால் நகத்தைத் தேய்த்துக்கொண்டு வந்தார். அவன் மறுபடி முகர்ந்தான். "வாங்க. தட்டைத் தூக்கி நெழல்ல வைக்கணும். சாய்க்காத தூக்கணும்." இருபது வருடம் ஜெனரேட்டர் தூக்கியவருக்கு இது சுலபம்.

மணி மூன்று இருக்கும். நானும் ஜெயசீலனும் ஒரே அடுக்கின் இரண்டு பக்கமும் நின்று பொறுக்கிக்கொண்டிருந்தோம். புழுவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"கல்யாணம் கட்டிக்கினது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், ஜெயா. ஆனா அன்னிக்கு கோயில்ல அத்தினி பேரு நடுவுல உன்னைக் கேட்டது தப்பு. அதுக்கு மன்னிச்சிக்கோ."

அவன் கை நிற்கவில்லை. இன்னும் நாலைந்து புழுவைத் தட்டில் விட்டுவிட்டுப் பேசினான். "நீ சொன்னது பொய்யா இருந்திருந்தா அடுத்த நாளே வந்து சண்ட போட்டிருப்பேன் மா. நெசம்தானே. நைனாவ அப்பிடி பாக்க என்னால முடியல. ரெண்டு வாட்டி வூட்டு கேட்டு வரைக்கும் வந்துட்டு திரும்பிட்டேன். அதான் உன் மூஞ்சில முழிக்கல."

எனக்குக் கண் மறைத்தது. ஈரக் கையால் துடைக்க முடியாமல் தோளில் துடைத்துக்கொண்டேன். இரண்டு முறை வந்தான் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்று அப்படிக் கேட்டிருக்க மாட்டேன். அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே வாய்த்துடுக்கு, ஒரே வீம்பு. யாரிடமிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. ஆறு மணிக்குக் கடைசித் தட்டையும் நிழலில் அடுக்கிவிட்டு, வாசலில் உட்கார்ந்து சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் தின்றோம். இவருக்கு இரண்டாம் முறை குழம்பு ஊற்றியது ஜெயசீலன்.

வியாழக்கிழமை, காலை 6.15.

குப்பம் ரயில் நிலையம் இருபது கிலோமீட்டர், ஆட்டோ நானூறு. அங்கிருந்து பெங்களூர் ரயில். புழு கூடு கட்ட ஆரம்பித்தால் பக்கத்திலேயே இருந்து காற்றும் ஈரமும் பார்க்க வேண்டுமாம். அதனால் ஸ்டேஷனுக்கு வர முடியாது என்றான் ஜெயசீலன். சூட்கேஸ்களை ஆட்டோவில் ஏற்றினான். ஏற்றிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். 

"அங்க ஏதாவது ஆயிடுச்சின்னா?"

"அங்கியே பொதைச்சிடுவாங்க."

"முடியாது. நான் கொண்டாருவேன். எத்தினி நாளானாலும் கொண்டாருவேன்." குரல் உயர்ந்தது. "சித்தூர்ல நைனா பக்கத்துல உனக்குன்னு எடம் வுட்டு வெச்சிகீறேன். அங்கதான் வைப்பேன். அதுல யாரும் குறுக்க பேசக்கூடாது." கடைசி வார்த்தையை இவரைப் பார்த்துச் சொன்னான்.

நான்கு வருடத்து ஆட்சேபணையின் அடி அதுதான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நைனா ஒண்டியாகக் கிடப்பாரே என்ற பயம். அன்றைக்கே கோவிலில் அதைச் சொல்லியிருந்தால், பக்கத்து இடம் அம்மாவுக்குத்தான் என்று போதகரே பதில் சொல்லியிருப்பார்.

இவர் சட்டைப் பையைத் தடவினார், பொடி இல்லை. "எனக்கு ஆம்பூர்ல எங்க மொத வூட்டம்மா பக்கத்துல எடம் கீது, தம்பி. நான் குறுக்க வரமாட்டேன்" என்றார்.

நான் ஆட்டோவிலிருந்து இறங்கி மகன் முன்னால் நின்றேன். அவன் என்னைவிட ஒரு முழம் உயரம். அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

"செத்தப்புறம் எங்க வேணா வை. அது உன் இஷ்டம், நான் எழுந்து வந்து கேக்கப் போறதில்ல. உசிரோட கீற வரைக்கும் எங்க இருக்கணும், யாரு கூட இருக்கணும்ங்கறது என் இஷ்டம். இதுல நீ பேசக்கூடாது. சரியா?"

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். ஆட்டோக்காரர் இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

"சரி மா" என்றான்.